புதுப்பெண்ணின் மூச்சிரைப்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசியில் நடந்தது இது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். வெளியே மேற்குக் காற்றும் தூறலுமாக இருந்தது. காலை உணவு நேரம் முடிந்து வார்டு சற்று ஓய்ந்திருந்தபோது, உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

இறக்கிக் கொண்டுவந்தது ஒரு புதுப்பெண்ணை. தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. மருதாணி நகங்களில் மட்டும் மிச்சமிருந்தது. கண் பாதி மூடியிருக்க, நெடுந்தூரம் ஓடிவந்தவளைப்போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

கூட வந்தவர்கள் அவள் கணவனும் மாமியாரும். மாமியார்தான் சொன்னார். வைகாசியில் கல்யாணம். அதிலிருந்து சொந்தக்காரர் வீடுகளில் விருந்து மேல் விருந்து. இரண்டு நாளாக வாந்தி. விசேஷமாக இருக்குமோ என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளூர் கிளினிக்கில் சோதித்துப் பார்த்து அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று விடியலில் மூச்சிரைப்பு ஆரம்பித்தது. ஆஸ்துமா என்று நினைத்து ஆவி பிடிக்கிற மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"பயந்த புள்ளைங்க. புது ஊடு, புது சனம், அதுல வந்த பதட்டமுன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா மூச்சு தணிஞ்சிருமுங்களே, சிஸ்டர்?" என்று கேட்டார்.

தூங்க ஊசி என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்த்தேன். எங்கள் டூட்டி டாக்டர் என்னைவிட வயதில் சிறிய பெண். அவசரப்படாதவர், ஆனால் வேகமானவர். ஸ்டெதஸ்கோப்பை வைத்து முதுகில் எல்லாப் பக்கமும் கேட்டார். விசில் சத்தம் இல்லை, சளி இல்லை. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியது. சர்க்கரை பார்த்தோம். இருநூற்றுச் சொச்சம் வந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையோடு வந்தவளுக்கு அது இருக்கக்கூடியதுதான். பழைய நோய் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெண் மாமியாரைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. இவ்வளவு மூச்சு எதுக்கு வாங்குறாங்க? ஒரு ஏபிஜி எடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

ஏபிஜி என்பது தமனியிலிருந்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை. வழக்கமாக ரத்தம் எடுப்பது சிரையிலிருந்து. இதை மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் எடுக்கவேண்டும். கொஞ்சம் வலிக்கும். சிரிஞ்சுக்குள் ரத்தம் தானாகவே துடித்து ஏறும். ஆக்சிஜன் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு, ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா, காரம் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் சில நிமிடங்களில் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்துவிடும். எங்கள் பிரிவில் நாங்களே எடுப்போம். அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊசி குத்தியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை. அவ்வளவு சோர்வு என்று அப்போது நினைத்தேன்.

காகிதம் வந்தது. பிஎச் என்று ஓர் அளவு உண்டு. அது ஏழு புள்ளி மூன்று ஐந்துக்குக் கீழே போனால் ரத்தம் அமிலமாகிறது என்று பொருள். அவளுக்கு ஏழு புள்ளி பூஜ்யம் ஆறு. நடந்து திரிகிற மனிதருக்கு வரக்கூடிய எண் அல்ல அது.

அடுத்த வரி கரியமில வாயு. மூச்சுக்குழாய் அடைத்தோ நுரையீரல் கெட்டோ அமிலம் கூடியிருந்தால், வெளியே போகவேண்டிய கரியமில வாயு உள்ளேயே தேங்கி, அந்த எண் ஏறியிருக்கும். இவளுக்கு அது தரைமட்டத்தில் இருந்தது. அமிலத்தைச் சமன் செய்கிற பைகார்பனேட் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது. ஆக்சிஜனில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கதை தலைகீழாக இருந்தது. நோய் மூச்சில் இல்லை. உடம்பில் வேறெங்கோ அமிலம் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சமாவது குறைக்க, நுரையீரல் தன்னால் முடிந்த மட்டும் கரியமில வாயுவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எல்லோரும் நோய் என்று நினைத்த அந்த மூச்சிரைப்புதான் அவளை உயிரோடு வைத்திருந்தது. தூங்க ஊசி போட்டு அதைத் தணித்திருந்தால் அவள் தூக்கத்திலேயே போயிருப்பாள்.

டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "எங்கிருந்து வருது இந்த ஆசிட்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

காரணம் சிலதான் இருக்கமுடியும். சிறுநீரகம் கெட்டிருக்கலாம். சர்க்கரை நோய் முற்றி, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தை உண்டாக்கியிருக்கலாம். அல்லது விஷம். கல்யாணமாகிச் சில வாரமே ஆன பெண், வாந்தி, காரணம் தெரியாத அமிலம் என்றால் எந்த டாக்டரும் கடைசியில் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. டாக்டர் வெளியே போய் மாமியாரிடமும் கணவனிடமும் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். வீட்டில் சண்டை ஏதாவது உண்டா, அவள் எதையாவது குடித்திருக்க வாய்ப்பு உண்டா, அப்படியிருந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லவேண்டியிருக்கும் என்றார்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஐயோ, நாங்க ஒண்ணும் பண்ணலீங்கம்மா. ஒரு சொல்லு சொன்னதில்லீங்க" என்றார். கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தச் சமயம் பார்த்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து விடியற்காலையே கார் எடுத்திருக்கிறார்கள். போலீஸ் என்ற சொல் மட்டும் அப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

"என்ற புள்ளைய என்னங்க பண்ணிப்போட்டீங்க? தங்கமாட்ட அனுப்பி வெச்சேன். ரெண்டு மாசங்கூட ஆகல, இப்படிக் கொண்டுவந்து கெடத்தியிருக்கீங்களே!" என்று சம்பந்தியைப் பார்த்துச் சத்தம் போட்டார். காத்திருந்த மற்ற நோயாளிகளின் ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செக்யூரிட்டி வந்து நடுவில் நின்றார்.

உள்ளே டாக்டர் என்னிடம் சிறுநீர்க் குழாய் போட்டு, முதலில் வரும் சிறுநீரில் கீட்டோன் பார்க்கச் சொன்னார். திரையை இழுத்துவிட்டு அவள் உடையை விலக்கினேன். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் தோல் ஒரே சீராக இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டிகட்டியாகத் தடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, வலி இல்லை. தொடையிலும் அப்படியே. உற்றுப் பார்த்தால் சிறு சிறு புள்ளிகள். பல வருடம் ஒரே இடத்தில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியும். மணிக்கட்டில் குத்தியபோது ஏன் முகம் சுளிக்கவில்லை என்பதும் விளங்கியது.

அவள் காதருகே குனிந்து, "இன்சுலின் போடுறியா கண்ணு?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தாள். அந்த மூச்சிரைப்பிலும் முதலில் பார்த்தது திரையைத்தான். அந்தப் பக்கம் யாரும் இருக்கிறார்களா என்று.

"யாருமில்ல. நான் மட்டுந்தான்" என்றேன்.

தலையை ஆட்டினாள். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. அப்பா மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. ஒரு குழந்தை பிறந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். புகுந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் ஹாலில் இருந்தது. யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். அதனால் மருந்தைப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். வெக்கையில் அது வீரியம் இழந்திருக்கவேண்டும். விருந்துக்குப் போன வீடுகளில் தனியாக இருக்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. பல வேளை போடவேயில்லை. முந்தின நாள் கழிவறையில் வைத்து மிச்சமிருந்ததைக் கொஞ்சம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை அளவு எங்களுக்குப் பெரிதாகக் காட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஆடி பொறந்தா அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அங்க போயி செரி பண்ணிக்கலாம்னு இருந்தேனுங்கக்கா" என்றாள். ஆடிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"டாக்டருக்குச் சொல்லணும். இல்லாட்டி உன்னைக் காப்பாத்த முடியாது. உங்க ஊட்டுக்காரங்களுக்கு நாங்களா சொல்லமாட்டோம். அது நீ சொல்றது" என்றேன்.

சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டை சில நொடிகளில், கீட்டோன் நிறைய என்று காட்டும் கருநீலமாக மாறியது. டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஏற்கெனவே கீட்டோனைத்தான் முதலில் சந்தேகித்திருந்தார். குளுக்கோஸை நிறுத்தினோம். சலைன் வேகமாக ஏறியது. ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்துக்கொண்டு இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தோம்.

டாக்டர் வெளியே போய் இரண்டு வீட்டாரையும் சேர்த்து நிற்கவைத்துப் பேசினார். நான் கதவருகே இருந்தேன். "விஷம் இல்லை. அவங்க எதையும் குடிக்கலை. யாரும் எதுவும் பண்ணலை. உடம்புல ஆசிட் கூடியிருக்கு. காரணம் தெரிஞ்சுபோச்சு, மருந்து ஆரம்பிச்சாச்சு. இன்னும் சில மணிநேரம் ஆபத்துதான்" என்றார். நோயின் பெயரைச் சொல்லவில்லை.

மாமியார் இரண்டு கையையும் கூப்பினார். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். காரணம் தெரிந்துபோச்சு என்று டாக்டர் சொன்ன அந்த இடத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுவரை உயர்ந்திருந்த கை கீழே இறங்கியது. அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "இப்பவாச்சும் சொல்லுங்க" என்று முணுமுணுத்தார். அவர் ஜன்னலோரம் போய் மழையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

மதியத்துக்கு முன்பு மாமியாரை ஒரு நிமிடம் உள்ளே விட்டோம். மருமகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "ஏனுங்க சிஸ்டர், மூச்சு தணிஞ்சிருச்சுங்களே! இனிப் பயமில்லீங்களே?"

உண்மையிலேயே தணிந்திருந்தது. மருந்து வேலை செய்து மூச்சு தணிந்தால் நல்லது. மூச்சு விட்டு விட்டுத் தசைகள் ஓய்ந்துபோய்த் தணிந்தாலோ அது கடைசிக் கட்டம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி மணிக்கட்டில் ரத்தம் எடுத்தேன். பிஎச் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கரியமில வாயு ஏற ஆரம்பித்திருந்தது. வழக்கமான நோயாளிக்கு அந்த எண் நல்ல எண். இவளுக்கு அது களைத்துப்போனதன் அறிகுறி.

டாக்டர் மூத்த மருத்துவரைப் போனில் கூப்பிட்டார். செயற்கைச் சுவாசக் குழாய் போடத் தேவையானதையெல்லாம் படுக்கையருகே எடுத்து வைத்தேன். ஆனால் குழாய் போடுவதற்கு மயக்க மருந்து கொடுக்கும் அந்த நிமிடத்தில் அவள் சொந்த மூச்சு நின்றுவிடும். அமிலம் சட்டென்று ஏறிவிடலாம். முடிந்தவரை தள்ளிப்போடுவோம், ஆனால் தயாராக இருப்போம் என்று முடிவாயிற்று. அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

"கண்ணு, மூச்சை நிறுத்தாதே, இழுத்து இழுத்து விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண் சொருகும்போதெல்லாம் தோளைத் தட்டினேன். எந்த வீட்டு விருந்தில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். ஒரு வீட்டுச் சமையல் நன்றாக இல்லை என்றாள். அது யார் வீடு என்று கேட்டதற்கு, சொல்லமாட்டேன் என்பதுபோல் தலையசைத்தாள். அந்த நிலையிலும் அவள் யார் வீட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த காகிதத்தில் பிஎச் இறங்குவது நின்றிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு சிறு ஏற்றம். பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. என் ஷிஃப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை. சாயங்காலம் அவளை ஐசியுவுக்கு மாற்றியபோது, மூச்சு மெதுவாக, முறையாக வந்துகொண்டிருந்தது. இந்த முறை அது நல்ல தணிவு.

மறுநாள் டூட்டிக்குப் போகுமுன் அவளைப் பார்க்க மேலே போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அத்தையக் கூப்பிடுங்கக்கா. நீங்களும் இங்கயே நில்லுங்க" என்றாள்.

மாமியார் வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று தோன்றியது. மாமியார் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து?"

"ஏழாவது படிக்கறப்ப இருந்துங்கத்தை."

"கண்ணாலத்தன்னிக்குமா?"

"மணவறைக்கு வாரதுக்கு முன்னால பாத்ரூம்ல போட்டுட்டுத்தான் வந்தேனுங்க."

மாமியார் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "சொன்னா உன்னைய எடுத்திருக்க மாட்டோம்னுதான சொல்லல?" என்றார். அவள் தலையாட்டினாள்.

"அது நெசந்தான் அம்மணி. எடுத்திருக்க மாட்டோம்" என்றார் மாமியார்.

அவள் தலை குனிந்தது. அவர் பொய் சொல்லாததே அந்த நேரத்தில் கடுமையாக இருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சிஸ்டர், அந்த மருந்த ஃப்ரிட்ஜுல எந்தத் தட்டுல வெக்கோணும்? மேல ஐஸ் கட்டுமே, அங்க வெக்கலாமுங்களா?"

ஐஸ் கட்டுகிற இடத்தில் வைக்கக்கூடாது, கதவுத் தட்டில் வைக்கலாம் என்றேன். "செரிங்க" என்றார். அதன் பிறகு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, விருந்துக்குப் போனால் எப்படி எடுத்துப்போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகளை என்னிடம்தான் கேட்டார். மருமகளிடம் நேரே பேச அவருக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது.

கணவனுக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது. விஷயம் தெரிந்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே" என்று என்னைப் பார்த்து ஒரே தடவை சொன்னான். இரண்டு நாள் கழித்து அவனே இளநீர் வாங்கிக்கொண்டு வந்து, இதில் சர்க்கரை இருக்குமா, கொடுக்கலாமா என்று வாசலில் நின்று கேட்டான்.

அப்பாவிடம் மட்டும் மாமியார் பேசவேயில்லை. டிஸ்சார்ஜ் அன்று அவர் சம்பந்தியிடம் வந்து, "தப்பு என்ற மேலதானுங்க" என்றார். மாமியார் கேட்டுவிட்டு மருமகளின் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். அந்த மனக்கசப்பு பிறகு தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபரிசோதனைக்குக் கணவனோடு வந்தாள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வரிசையில் கூட்டம் இருந்ததால் அதிகம் பேசமுடியவில்லை.

அதற்குப் பின் எத்தனையோ பேருக்கு அந்தப் பரிசோதனை எடுத்திருக்கிறேன். பிஎச், கரியமில வாயு, பைகார்பனேட் என்ற வரிசையில்தான் இன்றும் படிக்கிறேன், அந்த ஒழுங்கில் மாற்றமில்லை. ஆனால் ஒருவர் மூச்சிரைக்க வந்தால், அதை எப்படி நிறுத்துவது என்று யோசிக்கும் முன், எதைச் சமாளிக்க அந்த உடம்பு இப்படிப் பாடுபடுகிறது என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளிடம் மட்டுமல்ல, வீட்டிலும் வெளியிலும் காரணமில்லாமல் படபடப்பதாக நாம் சொல்லிவிடும் மனிதர்களிடமும்.